லைனிலேயே இருங்க அக்கா

தப்பாகச் சொல்லிவிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது. பொய் சொல்லிவிடுவேன் என்றல்ல. பொய் எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னவள் நான். முன்னால் வரவேண்டியது பின்னாலும் பின்னால் வரவேண்டியது முன்னாலும் வந்துவிடுமே என்ற பயம். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி மடியில் பீடித் தட்டை வைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு எதையும் வரிசையாகச் சொல் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறார்கள். "நம்ம ஸ்டேஷனோட வரலாற நீங்கதான்கா சொல்லணும், நீங்கதான ஃபர்ஸ்ட் காலர்" என்று மித்ரா என்கிற பெண் நேற்றுப் போனில் சொன்னாள். வரலாறாம், ராஜாக்களுக்கு இருப்பது மாதிரி. ஜிலுஜிலு எஃப்.எம்முக்குப் பதினைந்தாவது பிறந்தநாளாம், கேக் வெட்டுகிறார்களாம். இப்போது போன் என் வலது காதில் இருக்கிறது. "லைன்லயே இருங்கக்கா, இந்தப் பாட்டு முடியட்டும், அப்புறம் விளம்பரம், அதுக்கப்புறம் லைவ்ல நீங்கதான். பக்கத்துல ரேடியோ ஓடுச்சுன்னா சவுண்டக் குறைச்சு வைங்க, இல்லன்னா கீய்ன்னு கத்தும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன இடத்தில் பாட்டு ஓடுகிறது. எனக்கு எதிரே பக்கத்து வீட்டுப் பகவதி மதினி தன் தட்டோடு உட்கார்ந்து பீடி இலை வெட்டுகிறாள், அவள் மடியில் அந்த நீல ரேடியோ, காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்குச் சத்தம் குறைத்து. அதிலும் இதே பாட்டு. ரேடியோவைக் குறைங்க, ரேடியோவைக் குறைங்க. எத்தனை வருஷமாக இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் ரேடியோவில் நான் பேசியதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் பேசும்போது என் வீட்டு ரேடியோ ஊமையாக இருக்கவேண்டும். ஊர் முழுக்கக் கேட்கும், எனக்கு மட்டும் கேட்காது. அதில் அப்போது எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, என்ன பெருமையோ, எரிச்சலாக வருகிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது. வெள்ளை வேனிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜவுளிக்கடை மாடியில் ஸ்டேஷன் திறந்த அந்த மாதம் ஒரு வெள்ளை வேன் தெருத்தெருவாக வந்தது, மஞ்சள் பனியன் போட்ட பையன்கள் கதவு, மாட்டுவண்டி, அடிபம்பு என்று பார்த்த இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிள்ளையார் கோவில் உண்டியலில்கூட ஒருவன் ஒட்டிவிட்டான், பூசாரி சாணியைக் கரைத்துக்கொண்டு வேனை விரட்டினார். மதினி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த வாரம் பீடிக் கடையில் நாங்கள் சுற்றிய பீடியைக் கொடுக்கப் போனபோது ஆளுக்கொரு ரேடியோ கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு, நீல நிறம். அதில் முள் கிடையாது. வேறு ஸ்டேஷனுக்குத் திருப்ப முடியாது, ஜிலுஜிலு மட்டும்தான் வரும், ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம், சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், அவ்வளவுதான். இலவசமாகக் கொடுக்கிறவன் எதையோ எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், பீடிக் கடையில் புகையிலைத் தூளை எடை குறைத்து நிறுக்கிற கையைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே நாங்கள். தெரியவில்லை. சந்தோஷப்பட்டோம். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து கை மட்டும் ஓடுகிறவர்களுக்குக் காதுதான் சும்மா இருக்கிறது, அதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். எங்கள் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் ஒரே பாட்டு, ஒரு வீட்டில் பல்லவி கேட்டால் தெருமுனை வீட்டில் சரணம் கேட்டுவிடலாம். பாட்டுக்கு நடுவில் ராக்கி வருவான். உண்மையான பேர் அருள்தாஸ், நம்ம பக்கத்துப் பையன்தான், ஆனால் ராக்கி. "ஏ பீடி சுத்துற மகராணிகளா, முதுகு வலிக்கா? கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, ஒரு பாட்டு போடுதேன்" என்பான், தெரு முழுக்க நிமிர்ந்து உட்காரும். நான்தான் முதலில் போன் பண்ணினேன். மதினி வீட்டுப் போனிலிருந்து. பேரைக் கேட்டான், பிரமாச்சி என்றேன். "அடேயப்பா, என்ன பேருக்கா, கேட்டாலே மழ வரும் போலிருக்கு. இன்னைக்கு என்ன குழம்பு வச்சீங்க?" என்றான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்ன குழம்பு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு, கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளியவரும் உண்டு. பதிலுக்காகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். புளியில்லாக் குழம்பு என்றேன். அதற்குக்கூடச் சிரித்தான்.

பாட்டு இன்னும் முடியவில்லை. சரணத்தில் இருக்கிறது. போனைப் பிடித்த கை வியர்க்கிறது. இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது, இடது காது பேச்சுக்கு உதவாது, அதில் இருப்பது ஒரே சத்தம், வண்டு இல்லை, விசில் இல்லை, கம்பியைக் கம்பியால் இழுக்கிற மாதிரி ஒன்று, தூங்கும்போதும் இருக்கும், விழிக்கும்போது எனக்கு முன்னால் விழித்திருக்கும். மதினி நிமிர்ந்து, "என்னட்டி, இன்னும் பாட்டுதானா?" என்கிறாள். தலையை ஆட்டுகிறேன். "பேசுனா பேசு, பேசாட்டா வையி. நாஞ் சொல்லுதத கேளு பிரமாச்சி, எல்லாத்தையும் சொல்லிரு. காத காட்டிச் சொல்லு." ரேடியோவில் எப்படி மதினி காதைக் காட்டுவது. "கூறுகெட்டவளே, வாயால காட்டு." வாயால் காட்ட வேண்டுமாம். வாயால் காட்டித்தானே இப்படி ஆனது. முதலில் எல்லாம் பேர்தான் பிரச்சினை. யாருக்கெல்லாம் இந்தப் பாட்டு என்று ராக்கி கேட்பான், வரிசையாகப் பேர் சொல்லவேண்டும், ஒரு பேர் விட்டுப்போனால் தொலைந்தது. ஒரு தடவை நாத்தனார் பேரை விட்டுவிட்டேன், "ஊருல உள்ளவளுக்கெல்லாம் பாட்டு, எனக்கு மட்டும் எழவா?" என்று ஆடி மாதம் முழுக்க அவள் பேசவில்லை. அதனால் பேர்களைப் பரீட்சைக்கு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன் பண்ணுவேன், முதல் பேர் எப்போதும் எங்க வீட்டுக்காரருக்கு. பட்டமுத்து என்று பேர் சொல்ல மாட்டேன், எங்க வீட்டுக்காரர், மினிபஸ் ஓட்டுகிறவர் என்பேன். தன் மினிபஸ்ஸில் அவர் அதைச் சத்தமாக வைப்பார். "எம்பொண்டாட்டிதாம்வே பேசுதா" என்று கண்டக்டரிடம் சொல்வாராம். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எதிலும் முதல் பேர் தன் பேராக இருக்கும்வரை அவருக்கு எல்லாம் பிடிக்கும்.

அவர்தான் என் நம்பரைக் கொடுத்தார், அவரே வாங்கித் தந்த போனின் நம்பர். இதை வரலாற்றில் சொல்வார்களா? மாட்டார்கள். 'மாட்டிக்கிட்டியா மகராசி' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள், வீட்டுக்காரன் பெண்டாட்டி நம்பரைக் கொடுத்தால் ராக்கி குரலை மாற்றிப் பேசி ஏமாற்றுவான், அதைப் பதிவு பண்ணி மறுநாள் போடுவார்கள், நம்பர் கொடுத்தவனுக்கு ஹாட் பாக்ஸ். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நாலு பேர் முன்னால், "எம்பொண்டாட்டி கதறுவா பாருங்க, ஸ்டேஷனே இடிஞ்சு விழும்" என்று பந்தாவாகச் சொல்லி நம்பரைக் கொடுத்திருக்கிறார். நான் அழுவதைக் கேட்க ஆசை. தனக்காக ஒருத்தி கதறுவதை ஊரே கேட்கவேண்டும் என்ற ஆசை. எனக்கு என்ன தெரியும், நான் உலையை வடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. தடித்த குரல். "ஏம்மா, டிரைவர் பட்டமுத்து சம்சாரமா? போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன். உம்புருசன் லாட்ஜுல ஒரு பொம்பளையோட மாட்டியிருக்கான். வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போ." நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அழுதிருப்பேன், அழத் தெரியாதவளா நான். கஞ்சி கையில் சிந்தியது, சுட்டது, சுட்டதுகூட உறைக்கவில்லை, வாயிலிருந்து தானாக வந்தது, "அங்கேயே வச்சிக்கிடுங்க சார்." "என்னம்மா சொல்லுத?" "ஆமா சார், எனக்கு வேண்டாம். அங்கேயே வச்சிக்கிடுங்க." அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. அந்த ஒரு மூச்சு. அதைத்தான் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, மதினியிடம்கூட. தோளிலிருந்து நீர்க்குடத்தை இறக்கி வைத்த மாதிரி, முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி. இனி ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டு வயிறு இறுக வேண்டாம். இனி உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டாம். அடுப்பங்கரை எவ்வளவு பெரியதாக இருந்தது அப்போது. அதற்குள் அவன் வெடித்துச் சிரித்துவிட்டான். "அக்கா! நான் ராக்கிக்கா! மாட்டிக்கிட்டீங்க!" நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன். ராக்கியாயிற்றே, என்ன குழம்பு என்று கேட்டவனாயிற்றே என்று சிரித்தேனா, பயந்து சிரித்தேனா. "ரேடியோவுல போட்டுக்கலாமாக்கா?" என்றான். சரிங்க என்றேன். அந்தச் சரிங்கவில்தான் எப்போதும் போய் மாட்டிக்கொள்கிறேன். வேண்டாம் என்று புருஷனைச் சொல்ல வந்த வாய்க்கு அதை ஒரு ரேடியோக்காரனிடம் சொல்ல வரவில்லை.

மறுநாள் டீக்கடையில் கூட்டிவைத்த நாலு பேரோடு அவர் கேட்டார். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நேரில் தெரியாது, சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது தெரியும். ஒரே அடி. வலது கையால் அடிக்கிறவருக்கு எதிரே நிற்கிறவளின் இடது காதுதான் கிடைக்கும். ஜவ்வு கிழிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாள், மதினிதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள், நான் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னபோது மதினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடித்தது பட்டமுத்து. அதற்குப் பிறகு அடிபட்டதெல்லாம் ஜிலுஜிலு எஃப்.எம்மால். அவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். இலை வெட்டுகிற மாதிரி, நரம்பை நீக்கி, ஓரத்தை நறுக்கி, அளவாக. ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவில் 'அங்கேயே வச்சிக்கிடுங்க சார்!' டொய்ங். அரசியல்வாதி பேச்சுக்குப் பிறகு 'அங்கேயே வச்சிக்கிடுங்க சார்!' டொய்ங். பனியன் விளம்பரத்தில்கூட வந்தது. மினிபஸ் நிறுத்தத்தில் நின்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜன்னலைத் தட்டி அதையே கத்தினார்கள், இறங்குகிற கிழவர்கள் சில்லறையை அவரிடம் நீட்டி, "பாக்கிய அங்கேயே வச்சிக்கிடும்வே" என்றார்கள். அவர் பஸ்ஸிலிருந்த ரேடியோவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். எனக்குக் கொடுத்த நீல ரேடியோவை உரலில் போட்டு இடித்தார். இடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஊரெல்லாம் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் எனக்குக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏ அக்கா, எங்க மனசுல உள்ளதச் சொல்லிட்டியே" என்பார்கள். அவர்கள் கையையும் நான் பார்த்திருக்கிறேன், வளையலுக்குக் கீழே. அவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மனசில் உள்ளதை நீங்கள் சொல்லவேண்டியதுதானே, என் காதுதானா கிடைத்தது.

விளம்பரம் வந்துவிட்டது. நகைக்கடை. செய்கூலி இல்லை சேதாரம் இல்லை. வரலாற்றில் நான் எங்கே விட்டேன். ஒருநாள் நான் தைரியமாக ஸ்டேஷனுக்குப் போனேன், மாடிப்படி ஏறி, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்க. குளிர்ந்த அறை, கண்ணாடிக்குப் பின்னால் ராக்கி, காதில் அந்தப் பெரிய மூடி. வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. "அக்கா, உங்களாலதான் நாங்க நம்பர் ஒன்னு!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். தலைமுடி போட்டு மூடியிருந்த காதைக் காட்டினேன். அவன் முகம் ஒரு நொடி மாறியது, அதை நான் பார்த்தேன், பார்த்ததால்தான் இவ்வளவு கோபம், ஒன்றும் தெரியாதவன் என்றால் விட்டிருப்பேன். "நான் மேல சொல்லுதேன்கா" என்றான். கீழே இறங்கி வந்தபோது ஜவுளிக்கடை வாசல் ஒலிபெருக்கியில் என் குரல் என்னை வரவேற்றது என்று மதினி சொல்வாள், அவள்தான் கூட வந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டேன், கேட்கவில்லை. எப்போதும் அப்படித்தான், எங்கே ரேடியோ ஓடினாலும் பாட்டு முடியப்போகும்போதே காதைப் பொத்திக்கொள்வேன். கொஞ்ச வருஷத்தில் ஸ்டேஷனைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். போர்டு நிறம் மாறியது. மத்தியானப் பாட்டெல்லாம் சென்னையிலிருந்து வந்தது, முதுகு வலிக்கா என்று யாரும் கேட்கவில்லை, இங்கே இருந்த பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், ராக்கி டி.வி.க்குப் போய்விட்டான், கோட்டு போட்டிருந்தான். மேசை போனது, நாற்காலி போனது, ஆள் போனது, என் வரி மட்டும் போகவில்லை. வாங்கியவன் அதையும் சேர்த்து வாங்கியிருக்கிறான். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது, பிள்ளைகள் வேறு எதையோ கத்தப் பழகினார்கள், அவரும் மறந்தது மாதிரி இருந்தார். நேற்று அந்தப் பெண் போன் பண்ணும்வரை. "நீங்க லெஜண்டுக்கா. வரலாறு சொல்லி முடிச்சதும் அந்த டயலாக்க ஒருதடவ பஞ்ச்சா சொல்லிருங்க, புதுசா ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்." மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், வாய் திறந்தும்விட்டேன். பின்னாலிருந்து கை நீண்டு போனை வாங்கியது. "பேசுவாம்மா. கட்டாயம் பேசுவா" என்றார் அவர்.

இன்று காலையில் தலைக்கு மை பூசிக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், அதே டீக்கடைக்கு. அந்த நாலு பேரில் உயிரோடு இருக்கிறவர்களை வரச்சொல்லி வைத்திருக்கிறாராம். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "அன்னைக்கு வெளாட்டுக்குச் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் தங்கமானவருன்னு சொல்லணும். கேட்டியா? வேற ஒரு வார்த்த வந்துச்சின்னா, ஒனக்கு இன்னொரு காது இருக்கு பாத்துக்கோ" என்றார். குரல் உயர்ந்தால் பயமில்லை, உயராதபோதுதான் பயம். இந்த வலது காதும் போனால் என்ன இருக்கும். மதினி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம், குக்கர், மழை, எதுவும் இருக்காது, உள்ளே அந்தக் கம்பி மட்டும் இருக்கும். தங்கமானவர் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதானே. சொன்னால் அதைக் கத்தரித்துக்கொள்வார்கள். பதினைந்து வருஷம் போடுவார்கள். 'எங்க வீட்டுக்காரர் தங்கமானவர்!' டொய்ங். நான் செத்த பிறகும் என் குரல் அவரைத் தங்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பழைய வரியைச் சொன்னால் சாயங்காலம் காது போகும். உண்மையைச் சொன்னால் பாதியில் வெட்டிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள், வெட்டியதில் ஒரு துண்டு அவர்களிடம் இருக்கும், என்னைச் சாயங்காலத்துக்கு அவரிடம் விட்டுவிட்டுக் கேக் தின்பார்கள். என்ன சொன்னாலும் அது அவர்களுடையது. போனை வைத்துவிட்டால்? நான் வைத்தேன் என்று தெரியும். ஏன் வைத்தாய் என்று கேட்பார்.

டொய்ங். பழையதைப் போடுகிறார்கள். போனுக்குள் அது வருகிறது, தடித்த குரல், லாட்ஜ், கையெழுத்து, பிறகு ஒரு பெண். முதன்முதலாகக் கேட்கிறேன். இதுவா நான். எவ்வளவு சின்னக் குரல். பயமே இல்லாத குரல். அங்கேயே வச்சிக்கிடுங்க சார். பிறகு அந்த மூச்சு வரும் என்று காத்திருக்கிறேன், அது இல்லை. அந்த ஒரு மூச்சு நேரத்தை வெட்டி எடுத்துவிட்டிருக்கிறார்கள், சும்மா கிடக்கிற இடம் என்று. என் ஆயுளில் எனக்கென்று கிடைத்த நேரம் அது, அதை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, உடனே சிரிப்பை ஒட்டியிருக்கிறார்கள், என் சிரிப்பையும் சேர்த்து. கண்ணுக்குள் சூடாக எதுவோ ஏறுகிறது, அழுகை இல்லை. "நேயர்களே, அந்த லெஜண்ட் இப்ப நம்ம லைன்ல! ஹலோ பிரமாச்சி அக்கா! எப்பிடி இருக்கீங்க?" மித்ராவின் குரல் போனில் ஒருதடவை, மதினி மடியில் எறும்பு மாதிரி ஒருதடவை. வாயைத் திறக்காதே. ஒரு எழுத்துக்கூட. ஹலோ என்றால் ஹலோவை எடுத்துக்கொள்வார்கள். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?" என் கை மதினி மடிக்குப் போகிறது, ஓரத்தில் அந்தச் சின்னச் சக்கரம், கூட்டலாம் குறைக்கலாம், அதில் செய்யக்கூடியது அவ்வளவுதான், கூட்டுகிற பக்கமாகக் கட்டைவிரலால் கடைசிவரை தள்ளினேன். "ஏட்டி, என்ன செய்யுத!" என்ற மதினி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கத்தரியைக் கீழே வைத்து, ரேடியோவை இரண்டு கையாலும் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

முதலில் மித்ராவின் குரல் குகைக்குள் போன மாதிரி நீண்டது. பிறகு அது வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். கம்பியைக் கம்பியால் இழுக்கிற சத்தம், என் இடது காதுக்குள் யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்தது, இப்போது வெளியே நின்று கத்தியது, பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், தெருமுனையில், ஜவுளிக்கடை வாசலில், மினிபஸ்களில், மை பூசிய தலையோடு அவர் தன் கூட்டாளிகளை உட்கார்த்தி வைத்திருக்கிற டீக்கடையில். "அக்கா! ரேடியோவக் குறைங்கக்கா! அக்கா!" நான் குறைக்கவில்லை. மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். கட் பண்ணிவிட்டார்கள். பாட்டு வந்தது, நடுவிலிருந்து. மதினி சக்கரத்தைக் குறைத்து, தன் காதைத் தேய்த்துக்கொண்டே, "சாயங்காலம் ஒம்புருசன் கேட்டான்னா லைன் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லுதேன். ஊரே காதப் பொத்துச்சில்லா, சாட்சி வேற வேணுமாக்கும்" என்றாள். ரேடியோவைக் குறைக்கத் தெரியாத கிறுக்கி என்று அவர் சொல்வார். டீக்கடைக்காரன் காதைக் குடைந்துகொண்டே ஆமாம் என்பான். சொல்லட்டும். போன் மறுபடி அடித்தது, அவர்கள்தான். அணைத்து, ஈரம் தெளித்து வைத்திருந்த இலைச் சாக்குக்கு அடியில், கை போகும் மட்டும் உள்ளே தள்ளி வைத்தேன். பிறகு வலது காதை உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். மதினியின் கத்தரிச் சத்தம் கேட்டது.